சிவப்புப் பதாகை மாட்டிய புளோக்: எம்பியைப் போய்ப் பார்த்தால் பயன் உண்டா?

ஈசூன்_ஆறாம்மாடி:

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே தொங்கிய மஞ்சள் டெங்கிப் பதாகையை எடுத்துவிட்டுச் சிவப்பு மாட்டிவிட்டார்கள். அப்படியென்றால் இங்கே டெங்கி வந்தவர்கள் பத்துப் பேர், அல்லது அதற்கும் மேல். அதில் ஒருவர் என் அம்மா. மருத்துவமனையில் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார், எழுந்து நடக்கக்கூடத் தெம்பில்லை. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை வேறு இருக்கிறாள், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

எங்களுக்கு நேர் மேலே இருக்கும் வீடு பல மாதங்களாகப் பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் வெளிநாட்டில் என்கிறார்கள். எதிர் புளோக்கின் ஏழாம் மாடியில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரிகிறது: சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் மூங்கில் கழியைச் செருகுகிற குழாய்கள் எதற்குமே மூடி இல்லை, மழை பெய்தால் அப்படியே உள்ளே நிற்கும். கதவுக்கு வெளியே பூச்சாடிகள், அடியில் தட்டுகளோடு. அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனைக்கு வந்த அன்று அந்தக் கதவில் மட்டும் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். நானும் செயலியில் புகார் கொடுத்தேன், பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது, அதோடு சரி.

மாமா ஒருவர் எம்பியைப் போய்ப் பார் என்கிறார். நான் போனதே இல்லை. நோய் பரவும் நேரத்தில் ஒரு எம்பியால் உண்மையில் என்ன செய்ய முடியும்? இன்னொன்று, நான் அவருக்கு வாக்களிக்கவில்லை. அதையெல்லாம் கேட்பார்களா?

---

கடிதம்_எழுதுபவன்:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தயக்கத்திலேயே வராமல் இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். யாரும் கேட்க மாட்டார்கள். அடையாள அட்டை, முகவரி, என்ன பிரச்சினை, அவ்வளவுதான். எம்பி தொகுதி மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி இங்கே 1955இல் டேவிட் மார்ஷல் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய பழக்கம். ஆளும் கட்சி எம்பியும் நடத்துகிறார், எதிர்க்கட்சி எம்பியும் நடத்துகிறார், அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும்.

நான் பல வருடங்களாக அங்கே உட்கார்ந்து கடிதம் எழுதும் தொண்டூழியர். எம்பியால் பூட்டை உடைக்க முடியாது, யாருக்கும் உத்தரவு போடவும் முடியாது. அந்த அதிகாரம் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் இருக்கிறது. நோட்டீசுக்குப் பதில் வராவிட்டால் பூட்டிய வீட்டுக்குள் நுழையச் சட்டம் இடம் கொடுக்கிறது. எம்பியின் கடிதம் செய்வது வேறு வேலை: ஒரு புகார் மற்ற புகார்களுக்கு நடுவே கிடக்காமல், பெயர் உள்ள ஓர் அதிகாரி அதை எடுத்துப் படித்து எழுத்தில் பதில் சொல்லும்படி ஆகிறது. நகர மன்றத்தையும் மறக்காதீர்கள். நடைபாதை, வடிகால், கூரையில் தேங்கும் நீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு, அதை நடத்துவதே எம்பிக்கள்தான். அந்தப் பூச்சாடிகள் வீட்டுக்கு வெளியே இருப்பதால் யாரும் உள்ளே போகாமலேயே அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அவசர நேரத்தில் எம்பியின் பெரிய உதவி கடிதம் இல்லை என்பது என் அனுபவம். 2020 ஏப்ரல் 7 அன்று கோவிட் பரவலை முறியடிக்கும் அதிரடித் திட்டம் (இங்கத்து ஊரடங்கு) தொடங்கியபோது நேரில் சந்திப்பது நின்று எல்லாம் தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் மாறியது. வேலை போனவர்களுக்கு 500 வெள்ளி தற்காலிக நிவாரணம் இருந்தது, படிவத்தை நிரப்பத் தெரியாதவர்களை நாங்களே கூப்பிட்டுக் கேட்டு எழுதினோம். அடுத்த வருடம் தொற்று வந்தவர்கள் வீட்டிலேயே குணமடையலாம் என்று ஆனபோது ஒரு பாட்டி பேசினார். மகனுக்குத் தொற்று, மூன்றறை வீடு, கைப்பேசிக்கு வந்த ஆங்கிலக் குறுஞ்செய்தி புரியவில்லை. தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு வீடு கொடுத்த ஆக்சிமீட்டர் பெட்டி பிரிக்காமலே அலமாரியில் இருந்தது. பிரிக்கச் சொல்லி, விரலை எப்படி வைப்பது, இரண்டு எண்ணில் எது ஆக்சிஜன், எது நாடித்துடிப்பு என்று தமிழில் சொல்லி, 95க்குக் கீழே போனால் உடனே கூப்பிடுங்கள் பாட்டி என்றேன். அன்றைக்கே வசிப்போர் குழுவிலிருந்து வாசலில் அரிசியும் பாலும் வைத்துவிட்டு வந்தார்கள். எந்தக் கதவுக்குப் பின்னால் தனியாக யார் இருக்கிறார் என்று தெரிந்த ஆட்கள் எம்பியைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

---

வார்டு_அக்கா:

நான் தாதி. மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எம்பி சந்திப்பு வாரத்துக்கு ஒருமுறை, கொசு அதுவரை காத்திருக்காது. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அதனால் இன்றைக்கே வாரியத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள், புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், எதிர் புளோக்கிலிருந்து எடுத்த படத்தை அனுப்புங்கள். புகையடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், அது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் பகலில் கடிப்பது, பிள்ளை பகலில் தூங்கும்போதும் வலை போடுங்கள். அம்மாவுக்கும் கொசு விரட்டி தடவுங்கள். காய்ச்சலாக இருக்கும்போது அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகிறது, வீட்டில் இனி யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதல் நாளிலிருந்தே தடவ வேண்டும்.

எல்லாரும் படிக்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டெங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, இதில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டவே வேண்டாம்.

செலவு கையைக் கடித்தால் அதற்கும் எம்பி கடிதம் தேவையில்லை, மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் மெடிஃபண்ட் நிதிக்கான விண்ணப்பம் அவர்கள் வழியாகத்தான் போகும்.

---

திருவல்லிக்கேணி_தெம்பனிஸ்:

இங்கே எம்பி, ஊரில் எம்எல்ஏ. அரசியல்வாதி படம் எடுக்கத்தான் வருவார் என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி தொகுதி எம்எல்ஏ ஜெ. அன்பழகன் 2020 ஊரடங்கில் நிவாரண வேலையில் இருந்தவர், கோவிட் வந்து ஜூன் 10 அன்று, அவருடைய பிறந்த நாளிலேயே இறந்துபோனார். 62 வயது. நான் அவர் கட்சி இல்லை. ஆனாலும் அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கேயும் பார்த்திருக்கிறேன். 2016 ஆகஸ்டில் அல்ஜுனிட் கிரசண்ட், சிம்ஸ் டிரைவ் பக்கம், கொசுவால் பரவி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் ஸிக்கா பரவியபோது நான் அங்கே வாடகைக்கு இருந்தேன். அறிவித்த முதல் 41 பேரில் 36 பேர் வெளிநாட்டுக் கட்டுமான ஊழியர்கள், வாக்குரிமை இல்லாதவர்கள். வட்டாரத்தில் சமூகப் பணி செய்யும் அடித்தளத் தலைவர்களும் தொண்டூழியர்களும் துண்டுப்பிரசுரமும் கொசு விரட்டியும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள், நாங்கள் வாடகைக்கு இருப்பவர்களா சொந்த வீடா என்று யாரும் பார்க்கவில்லை. கர்ப்பிணிகள் இருக்கிறார்களா என்றுதான் கேட்டார்கள். அதனால் தம்பி, தனியாகப் போகாதீர்கள், உங்கள் மாடியில் காய்ச்சல் வந்த மற்ற வீடுகளையும் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒரு வீடு சொன்னால் அண்டை வீட்டுச் சண்டை மாதிரித் தெரியும், நான்கு வீடு சொன்னால் அது புளோக்கின் பிரச்சினை.

---

ஈசூன்_ஆறாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. வாரியத்துக்குப் பேசிவிட்டேன், புகார் எண் கிடைத்தது. எதிர்வீட்டு மலாய் அக்காவின் மகனுக்கும் காய்ச்சல் வந்ததாம், அவரும் கூட வருகிறார். அண்ணே, கையில் என்ன கொண்டுபோக வேண்டும்?

---

கடிதம்_எழுதுபவன்:

அடையாள அட்டை, அந்தப் புகார் எண், நோட்டீஸ் ஒட்டிய தேதி, எதிர் புளோக்கிலிருந்து எடுத்த படம், அம்மாவின் மருத்துவமனைத் தாள். பூட்டிய வீட்டின் எண்ணைச் சரியாக எழுதிக்கொண்டு போங்கள், நாங்கள் எழுதும் பாதிக் கடிதங்கள் திரும்பி வருவது அந்த எண் தவறாக இருப்பதால்தான். கொஞ்சம் சீக்கிரமே போய் வரிசை எண் எடுத்துவிடுங்கள், அம்மாவை அழைத்துப் போக வேண்டாம். அப்புறம் ஆங்கிலத்தில் சொல்லத் தயக்கமாக இருந்தால் தமிழ் பேசும் தொண்டூழியர் வேண்டும் என்று வாசலிலேயே கேளுங்கள், இருந்தால் அனுப்புவார்கள்.