பள்ளி முத்திரை போட்ட சீருடை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளி திறக்க இன்னும் 3 வாரம்தான். என் இரண்டு பையன்களுக்கும் சீருடை வாங்க முடியாமல் தவிக்கிறேன். சட்டை, கால்சட்டை, விளையாட்டு உடை, பெல்ட் வரை எல்லாமே முத்திரையோடு, பள்ளி காட்டும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டுமாம். அதே நிறத்தில் முத்திரை இல்லாத சட்டை வெளியே பாதி விலைக்குக் கிடைக்கிறது. சட்டைக்குள் தைத்திருக்கும் துணி விவரச் சீட்டைப் பார்த்தேன், இரண்டு சட்டையிலும் 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் பருத்தி.

சீருடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வசதி உள்ள பிள்ளை, இல்லாத பிள்ளை என்று தெரியாமல் இருப்பது பெரிய விஷயம். ஆனால் அதற்கு ஒரே நிறம் போதுமே!

பெரியவனின் பழைய சட்டையைச் சின்னவனுக்குப் போட்டுப் பார்த்தேன். காலர் நைந்து உள்ளே இருக்கும் வெள்ளைக் கேன்வாஸ் தெரிகிறது. கால்சட்டை மடிப்பைப் பிரித்து இறக்கினேன், எத்தனை முறை தேய்த்தும் பழைய கோடு போகவில்லை. மேல்வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் பழைய சீருடை இருக்கிறதா என்று கேட்டேன். போன வருடம் முத்திரையை மாற்றிவிட்டதால் அவர்களிடம் இருப்பதும் உதவாது. அப்புறம், முத்திரையை மட்டும் தனியாகக் கொடுங்கள், நாங்களே தைத்துக்கொள்கிறோம் என்று பள்ளிக்குக் கடிதம் கொடுத்தேன். 12 நாளாகியும் பதில் இல்லை.

இப்படித் தனி முத்திரைக்குப் பள்ளியைச் சம்மதிக்க வைத்தவர்கள் இருந்தால், யாரிடம், எப்படிப் பேசினீர்கள்?