ராஜினாமாக் கடிதத்தில் காரணம் இல்லை: அக்காவின் முதல் 10 ஆண்டுப் பணி கணக்கில் வருமா?

கேள்வி (கோத்தகிரி):
என் அக்கா 1999 மார்ச்சில் அரசு உதவி வழக்கு நடத்துநராகச் சேர்ந்தார். ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி), பழைய ஓய்வூதியம். 2009-இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வாகி, பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தார். 1.4.2003-க்குப் பிறகு சேர்ந்தவர் என்று சொல்லி சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) எண் கொடுத்து, மாதாமாதம் 10 சதவீதம் பிடித்துவருகிறார்கள். இப்போது சமவெளியில் சார்பு நீதிபதி. அவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம், அதனால் ஊட்டிக்கு அலைவது நான்தான்.

ராஜினாமாக் கடிதத்தில் ஒரே வரிதான்: பணியிலிருந்து விலகுகிறேன். எதற்காக என்று இல்லை. அலுவலகத்தில் சொன்னபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். நடுவே 4 நாள் இடைவெளியும் உண்டு. பத்து ஆண்டும் போய்விடுமா? நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற சிரஸ்தார், அதாவது நீதிமன்ற அலுவலகத் தலைமை எழுத்தர், குன்னூர்):
தம்பி, பதற வேண்டாம். ராஜினாமா செய்தால் முன்பணி அற்றுப்போகும் என்பது பொது விதி. ஆனால் முறையான அனுமதியோடு வேறொரு அரசுப் பணிக்குப் போவதற்காகச் செய்த ராஜினாமாவுக்கு அது பொருந்தாது. கடிதத்தில் வரி இல்லாவிட்டால் மற்ற தாள்கள் பேச வேண்டும். தேர்வுக்கு முறையான வழியில் விண்ணப்பித்தாரா, தடையின்மைச் சான்று எந்தத் தேதி, விடுவிப்பு ஆணையில் புதுப் பதவி குறிப்பிடப்பட்டிருக்கிறதா? அனுமதித் தேதி ராஜினாமாவுக்கு முந்தியதாக இருப்பதுதான் உயிர்நாடி. ஊர் மாறிச் சேர்ந்ததால் வந்த 4 நாளைச் சேர்காலமாகவோ (புது இடத்தில் போய்ச் சேரத் தரும் அவகாசம்) விடுப்பாகவோ முறைப்படுத்தக் கேட்கலாம்.

எஸ்.ஆர். (பணிப் பதிவேடு) புத்தகத்தில் 1999 முதல் ஆண்டுதோறும் பணிச் சரிபார்ப்புக் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். மலை ஈரத்தில் தாள்கள் பூசணம் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நானே ஆவி காட்டிப் பிரித்திருக்கிறேன். நகல் கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

பதில் (கூடலூர் வக்கீல்):
2025 மே 19-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லிவிட்டதே? எந்த வழியில் வந்தாலும், நடுவே இடைவெளி இருந்தாலும் ஆண்டுக்கு 13.5 லட்சம் முழு ஓய்வூதியம்.

பதில் (சிரஸ்தார்):
அது உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு, சார். அவர்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தனி. இந்த அம்மாவுக்குத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978. அதில் 30 ஆண்டு தகுதிப்பணி (ஓய்வூதியக் கணக்கில் வரும் பணி) இருந்தால்தான் முழு ஓய்வூதியம், அதாவது கடைசி ஊதியத்தில் பாதி. 2032-இல் 60 வயதாகிறது என்றால் நீதிபதிப் பணி மட்டும் 23 ஆண்டுதான், முதல் பத்தும் சேர்ந்தால் 33. அதைவிட முக்கியம், முன்பணி அறுபடவில்லை என்று நிலைநாட்டினால்தான் சி.பி.எஸ்.ஸிலிருந்து மாற்றக் கேட்பதற்கே அடிப்படை வரும். இரண்டையும் ஒரே மனுவில், மாவட்ட முதன்மை நீதிபதி வழியாக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஓய்வு பெறும் ஆண்டு வரை காத்திருக்கவே கூடாது.

கேட்டவர்:
ஐயா, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் விடுவிப்பு ஆணை கிடைத்தது! "உரிமையியல் நீதிபதியாகப் பணியேற்கும் பொருட்டு" என்று தெளிவாக இருக்கிறது. தடையின்மைச் சான்று மட்டும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் நானே கேட்கலாமா?

பதில் (சிரஸ்தார்):
ரொம்ப நல்லது தம்பி, பாதிக் கிணறு தாண்டியாச்சு. மனு அக்கா பெயரிலேயே போகட்டும், நீங்கள் கேட்டால் மூன்றாம் நபர் என்று திருப்புவார்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த ஆணையை இன்றைக்கே நகலெடுத்துவிடுங்கள்.