டார்செட் கிராமத்து விடுதிப் பள்ளி: பழைய மாணவர்கள் சொல்வது எந்த வருடம்?

ஒலிநாடா (கேள்வி):
இங்கிலாந்தின் டார்செட் பகுதிக் கிராமப் பள்ளி ஒன்றின் விடுதியில் 1945 முதல் 1965 வரை தங்கிப் படித்தவர்களின் பேச்சுப் பதிவுகளை எழுத்தாக்கித் தொகுக்கிறோம். யாருக்கும் வருடம் நினைவில்லை. "அந்தப் பெரிய பனி", "மிட்டாய் ரேஷன் போனபோது" என்றுதான் பேசுகிறார்கள். எப்படிப் பிரிப்பது?

குளிர்காய்பவர்:
பெரிய பனி இரண்டு, 1947, 1963. இரண்டிலும் குழாய் உறைந்தது, சாலை அடைபட்டது, அதனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். "குளிராக இருந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை. "பனி விழ ஆரம்பித்தபோது பள்ளியில் இருந்தீர்களா, வீட்டிலா?" என்று கேளுங்கள். 1947-ல் ஜனவரி பிற்பாதியில், டெர்ம் நடக்கும்போது பிடித்துக்கொண்டது. அடுத்தது 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாளே தொடங்கிவிட்டது. பிள்ளைகள் லீவில் இருந்தார்கள், பனிக்குள்தான் பள்ளிக்குத் திரும்பினார்கள். நிலக்கரி இல்லை, கரண்ட் போனது, ரொட்டிக்கும் ரேஷன் என்றால் சந்தேகமே வேண்டாம், 1947. ரொட்டி ரேஷன் 1946 ஜூலை முதல் 1948 ஜூலை வரை மட்டுமே இருந்தது.

கூப்பன் கணக்கர்:
மிட்டாய் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ரேஷன் ஒருமுறை அல்ல, இருமுறை நீங்கியது. 1949 ஏப்ரல் 24-ல் எடுத்தார்கள், கடைகளில் சரக்கு தாக்குப்பிடிக்கவில்லை, ஆகஸ்டில் மறுபடி வந்தது. கடைசியாகப் போனது 1953 பிப்ரவரி 5. எனவே கூடவே என்ன விளையாட்டு என்று கேளுங்கள். கிரிக்கெட் என்றால் கோடை டெர்ம், அது 1949. சேற்றில் ஹாக்கி என்றால் 1953.

ரேஷன் புத்தகத்தை டெர்ம் தொடக்கத்திலேயே பள்ளியிடம் கொடுத்துவிட வேண்டும். பல பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் ஒட்டிய சர்க்கரை ஜாடியும் வெண்ணெய்க் கிண்ணமும் இருந்தன. சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரிலும் வெண்ணெய் ரேஷன் 1954 மேயிலும் முடிந்தது. "வெண்ணெய் எந்தக் கிழமை தீர்ந்துபோகும்?" என்று கேட்டுப் பாருங்கள், வாய் தானாகத் திறக்கும்.

உறைபார்ப்பவர்:
வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இருந்தால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உட்காரவைத்து எழுதவைப்பார்கள், பல இடங்களில் ஆசிரியர் படித்துப் பார்த்த பிறகே ஒட்ட முடியும். அதனால் உள்ளே "நலம், மேட்சில் ஜெயித்தோம், கேக் அனுப்பவும்" தவிர ஒன்றும் தேறாது. தேதி இருக்கவேண்டிய இடத்தில் "ஞாயிறு" என்று மட்டும் இருக்கும். தேதி காட்டும் தபால் முத்திரை அழிந்திருந்தால் தபால் தலையைப் பாருங்கள். சாதாரணக் கடிதத்துக்கு 1957 அக்டோபர் வரை இரண்டரை பென்ஸ், பிறகு 1965 மே வரை 3 பென்ஸ், அதற்குமேல் 4. எலிசபெத் ராணி தலை போட்ட தபால் தலை 1952 டிசம்பரில் வந்தது. ஆனால் கையிருப்பில் இருந்த ராஜா தலைகளையும் அதன் பிறகு ஒட்டினார்கள், அதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள்.

ஒலிநாடா:
மிக்க நன்றி. இன்னொன்று: ஒருவர் போர்வைக்குள் ரேடியோ லக்ஸம்பர்க் (லக்ஸம்பர்க் நாட்டிலிருந்து ஒலிபரப்பிய நிலையம்) கேட்டதாகவும், கிராமத்துக் கடையில் ஃபார்திங் (கால் பென்னி) காசு கொடுத்ததாகவும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

கூப்பன் கணக்கர்:
இரண்டும் சேரும். ஃபார்திங் 1960 டிசம்பர் 31 வரை செல்லுபடியானது. நிலையத்தின் அலைநீளம் "208 மீட்டர்" என்று அவர் சொல்லியிருந்தால் 1951-க்குப் பிறகு. எந்த ரேடியோ என்றும் கேளுங்கள். ஏரியல் கம்பியைக் கட்டில் ஸ்பிரிங்கில் கட்டி, காதில் ஹெட்போன் என்றால் கிரிஸ்டல் செட் (பேட்டரி வேண்டாத எளிய ரேடியோ). கையடக்க டிரான்சிஸ்டர் என்றால் 1956-க்கு முன் வாய்ப்பில்லை. 208 மீட்டரில் அந்த நிலையம் இருட்டிய பிறகுதான் சரியாக எட்டியது, அப்போதும் ஒலி ஏறி இறங்கியது. 208-ஐப் பிற்பகலில் தெளிவாகக் கேட்டேன் என்றால் வேறு நிலையத்தோடு குழப்பிக்கொள்கிறார்.