கலைச்சொல் வேண்டும்: டெலிரெக்கார்டிங்

ந. எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்காகத் தொலைக்காட்சி ஆவணக் காப்பு பற்றி ஒரு பாடம் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எடுத்துக்காட்டுக்கு பிபிசியின் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரை வைத்திருக்கிறேன். 1963 நவம்பர் 23இல் தொடங்கிய தொடர். அதன் 1960களின் அத்தியாயங்கள் இரண்டங்குல ஒளிநாடாவில் பதிவாயின. நாடா விலை கூடியது, அழித்துவிட்டு மறுபடி பதியலாம். அப்படியே அழித்துவிட்டார்கள்.

அந்தக் காலத்து அத்தியாயங்களில் இன்று மிஞ்சியவை பெரும்பாலும் டெலிரெக்கார்டிங். நாடாவை ஓடவிட்டு, திரையில் தெரிவதைப் படக்கேமராவால் 16 மி.மீ. சுருளில் எடுப்பது. வெளிநாட்டுக்கு விற்க எடுத்தார்கள். நாட்டுக்கு நாடு தொலைக்காட்சி முறை வேறு. படச்சுருள் எங்கும் ஓடும்.

இதற்கு ஒரு சொல் வேண்டும். 'தொலைப்பதிவு' என்றால் தொலைவிலிருந்து பதிவது என்று பொருள்படும். 'ஒளிப்பதிவு' கேமராக்காரர் வேலைக்குப் போய்விட்டது. வெறும் 'படச்சுருள்' போதாது, ஏனென்றால் அதே தொடரின் வெளிப்புறக் காட்சிகளை நேரடியாகவே படச்சுருளில் எடுத்தார்கள். இரண்டையும் மாணவர் குழப்பிக்கொள்ளக் கூடாது.

த. எழுதியது:

அன்புள்ள ந., 'படி' இருக்க வேறெதற்கு? படிதல் என்றால் பதிந்து தங்குவது. ஏட்டைப் பார்த்து எழுதினால் படியெடுத்தல். கல்வெட்டு ஆய்வாளர் கல்லில் ஈரத்தாளை ஒட்டித் தட்டி மை ஒற்றி எடுப்பதற்கு மைப்படி என்று பெயர். கல் சிதைந்த இடங்களில் மைப்படிதான் சான்று. நீங்கள் சொல்வதும் அதே வேலைதான்: நாடா கல், ஒளி மை, படச்சுருள் தாள். 'திரைப்படி' என்று வையுங்கள். எல்லாம் தமிழ், ஐந்தே எழுத்தில் ஒரு படத்தையே கண்முன் நிறுத்துகிறது.

ச. எழுதியது (யாழ்ப்பாணத்திலிருந்து):

வணக்கம் ஐயா. மைப்படி ஒப்புமை நன்றாக இருக்கிறது, ஆனால் 'திரைப்படி எடுக்கப்பட்டது' என்று வாக்கியத்தில் வைத்துப் பாருங்கோ. 'விதிப்படி', 'சட்டப்படி' மாதிரித் திரையின்படி என்றுதான் பிள்ளைகள் வாசிப்பார்கள். எங்கள் பக்கத்தில் போட்டோக்கொப்பியை நிழற்பிரதி என்கிறோம். அந்தத் தடத்தில் 'திரை நிழற்பிரதி' என்றால் விளக்கம் இல்லாமலே விளங்கும்.

த. எழுதியது:

'பிரதி' வடசொல். நிழலும் இங்கே பொருந்தவில்லை. ஒளிர்கிற திரையை எடுக்கிறோம்.

மு. எழுதியது:

சினிமா லேபில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விவரங்கள். பெயர் வைக்குமுன் பொருளைப் பார்த்துவிடுவோம்.

பிரிட்டன் முறையில் நொடிக்கு 50 புலங்கள் (ஒரு முழுப் படத்தின் பாதி வரிகள் ஒரு புலம்). படக்கேமரா நொடிக்கு 25 சட்டங்கள்தான் எடுக்கும். ஆகவே அசைவின் பாதி நேரத் தகவல் இந்தச் சுருளில் போய்விடுகிறது. நாடாவில் வழுக்கிக்கொண்டு ஓடும் அசைவு சினிமா மாதிரி ஆகிவிடும். பின்னாளில் டிவிடி வெளியீடுகளுக்கு இடைப்புலங்களைக் கணினியில் ஊகித்து உருவாக்கி அந்த வழுக்கலை மீட்டார்கள். 'படி' என்றால் அப்படியே பிரதிபலிப்பது என்ற எண்ணம் வரும். இது அப்படியல்ல.

ஆனால் எதிர்பாராததும் அதில் தங்கும். 1970இலிருந்து தொடர் வண்ணத்துக்கு மாறியது. வண்ண நாடாவைக் கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்தபோது, வண்ணக் குறிகையை (சிக்னலை) வடிகட்டாமல் விட்ட இடங்களில் அது நுண்புள்ளிக் கோலமாகப் படத்திலேயே பதிந்துவிட்டது. பல்லாண்டு கழித்து அந்தப் புள்ளிகளைக் கணினியால் படித்து வண்ணத்தைத் திரும்ப எடுத்தார்கள்! 1971இன் 'தி மைண்ட் ஆஃப் ஈவில்' கதையின் அத்தியாயங்கள் அப்படித்தான் வண்ணம் பெற்றன. முதல் அத்தியாயத்தில் மட்டும் புள்ளிகள் இல்லை; அதற்குக் கையால் நிறம் தீட்ட வேண்டியிருந்தது. சுருளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நடிகரின் சட்டை மீது நெசவு மாதிரித் தெரியும் அந்தக் கோலம்தான் சட்டையின் நிறம்.

'திரைப்பிடிப்பு' என்று யாராவது சொல்வீர்கள். அது இணையத்தில் ஸ்கிரீன்ஷாட்டுக்குப் போய்விட்டது.

இ. எழுதியது:

மு. சொன்னதைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது நன்னூல். 'முதல்வழி சார்பென நூல்மூன் றாகும்.' நாடா முதல். அதிலிருந்து எடுத்த எதிர்ப்படச் (நெகட்டிவ்) சுருள் வழி. எதிர்ப்படத்திலிருந்து ஒவ்வொரு நிலையத்துக்கும் அச்சிட்டு அனுப்பிய சுருள் சார்பு. மூன்று நிலைக்கும் மூன்று சொல் கிடைக்கிறது: முதற்பதிவு, வழிப்பதிவு, சார்புப்பதிவு.

த. எழுதியது:

இ. அவர்களே, சார்புநூல் திரிபு வேறு உடையது. வெறும் அச்சுப்படி சார்பாகாது.

இ. எழுதியது:

திரிபும் உண்டு ஐயா. ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் அங்கே போன சுருள்களில் குழந்தைகளுக்கு ஆகாது என்று நினைத்த இடங்களை வெட்டினார்கள். வெட்டிய துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் கிடந்து 1996இல் வெளிப்பட்டன. முழு அத்தியாயம் தொலைந்த கதைகளுக்கு இன்று அசையும் படமாக இருப்பவற்றில் இந்தத் துண்டுகளும் சேரும். காக்க வேண்டியவர்கள் காக்காததை, வெட்டியவர்கள் காத்திருக்கிறார்கள்.

ச. எழுதியது:

குண்டலகேசி நினைவு வருகிறது. காப்பியம் போய்விட்டது, புறத்திரட்டில் எடுத்து வைத்த பாடல்கள் இருக்கின்றன. 1966இன் 'தி டென்த் பிளானெட்' கதையின் நான்காம் அத்தியாயமும் அந்த வகைதான். டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலின் முகம் அடுத்த டாக்டரான பேட்ரிக் டிரவுட்டனின் முகமாக மாறுகிற அந்த முதல் உருமாற்றம், 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி எடுத்தாண்டதால் தப்பியது. தொலைந்த அத்தியாயங்களின் ஒலி மட்டும் ஒன்றுவிடாமல் இருக்கிறது. வீட்டில் பெட்டி முன் ஒலிவாங்கியை வைத்துப் பதிந்த ரசிகர்கள் செய்த புண்ணியம். அந்த ஒலிக்கு மேல் அசைவூட்டப் படம் செய்து 2016இல் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையை முழுதாக வெளியிட்டார்கள்.

ந. எழுதியது:

எல்லாமே பாடத்தில் சேர்க்கத் தக்கவை, நன்றி. நாள் நெருங்குகிறது, சொல்லுக்கு வருவோம். 'வழிப்பதிவு' அழகு; ஆனால் நன்னூல் படிக்காத மாணவர் சாலையைப் பதிவதாக நினைப்பார். 'டெலிரெக்கார்டிங்' என்றே விட்டுவிடலாம் என்று தனிமடலில் இருவர் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. பொருள் என்ன என்று சொல்லே காட்டினால், தொலைந்துபோயிருந்த 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' கதை ஹாங்காங்கிலிருந்து 1992இல் ஏன் திரும்பி வந்தது, 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் ஏன் வந்தன என்பதும் விளங்கிவிடும். லண்டனில் நாடா அழிந்தது. ஊர் ஊராய்ப் போன சுருள் அழியவில்லை.

'படச்சுருள் நகல்' எப்படி? படச்சுருள் என்பது எதில் என்று சொல்கிறது. நகல் என்பது நேரடிப் படப்பிடிப்பு இல்லை என்று சொல்கிறது.

மு. எழுதியது:

ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருள் போடுவதும் படச்சுருள் நகல்தான். திரை இடையில் இருக்கிறது என்பது இதில் இல்லை. ஆனாலும் லேபில் வேலை செய்பவனுக்கு உடனே புரியும். ஏற்கிறேன்.

ச. எழுதியது:

எனக்கும் சரி. முதல் இடத்தில் விளக்கம் ஒரு வரி எழுதிவிடுங்கோ.

இ. எழுதியது:

வகுப்புக்கு இது போதும். வழிப்பதிவை ஆய்வுக் கட்டுரைக்கு வைத்துக்கொள்கிறேன்.

த. எழுதியது:

நான் உடன்படவில்லை, பதிவில் இருக்கட்டும். 'நகல்' அரபு வழி வந்து நீதிமன்றத் தாள்களில் ஊன்றிய சொல். வழக்கில் இருக்கிறது என்பதற்காகப் புதுச்சொல்லின் வேராக வைக்க வேண்டியதில்லை. ச. சொன்ன 'படி' மயக்கம் 'திரைப்படி'க்கு உண்டு, ஒப்புகிறேன்; 'படச்சுருட்படி' என்றால் அந்த மயக்கம் இல்லை. மாணவர் நாக்கு புரளாது என்பீர்கள். 'மைப்படி'யும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான். இன்று கல்வெட்டுத் துறையில் அதை யாரும் தடுமாறாமல் சொல்கிறார்கள்.

ந. எழுதியது:

த. ஐயா, உங்கள் கருத்தை அடிக்குறிப்பில் தருகிறேன்: 'படச்சுருட்படி எனவும் வழங்கலாம்' என்று. உரையில் 'படச்சுருள் நகல்' போகிறது; நால்வரில் மூவர் ஏற்றிருக்கிறார்கள். கோப்பை இன்றிரவு அனுப்புகிறேன். அடுத்த பாடத்துக்கு டெலிஸ்நாப் வருகிறது: ஜான் கியூரா என்பவர் தொலைக்காட்சித் திரையை அத்தியாயம் அத்தியாயமாகப் புகைப்படம் எடுத்துத் தயாரிப்பாளர்களுக்கு விற்ற படங்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

த. எழுதியது:

'திரைநிழல்' என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

ச. எழுதியது:

நிழல் பொருந்தாது என்று நீங்கள்தானே ஐயா சொன்னீர்கள்?