படைப்பு இல்லை, புடைப்பு

குழு: வளவு வீடு

உமையாள்: பெரியப்பா ஸ்கேன் வந்தாச்சு. வயிற்றுப் பெரிய ரத்தக்குழாயில் படைப்பு. 6.1 செ.மீ.

லெட்சுமி அத்தை: முன்னோருக்குப் படைக்கிற படைப்பா? எந்த வீட்டில்? என்றைக்கு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே

உமையாள்: ஐயோ அத்தை, புடைப்பு! வீக்கம். போன் தானாக மாற்றிவிட்டது

கண்ணன் சிங்கப்பூர்: அப்பச்சிக்கா? அப்பாவுக்கு வலி இருக்கிறதா?

வள்ளி ஆச்சி: ஒன்றும் இல்லை. முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்

சாத்தப்பன்: மதுரைக்குக் கூடப் போனது நான். முழுதாகச் சொல்கிறேன். அந்தக் குழாய் சாதாரணமாக 2 செ.மீ. அகலம்தான். ஆண்களுக்கு 5.5 ஆனால் சரிசெய்துவிடு என்பார்கள். வெடித்தால் பல பேர் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேர்வதில்லை. வயிற்றைத் திறந்து செய்யலாம், ஆனால் பைபாஸ் ஆன உடம்பு, யோசிக்கிறார்கள். இன்னொரு வழி, தொடை இடுக்கில் நுழைத்து, துணி போர்த்திய ஸ்டென்டை, அதாவது கம்பிவலைக் குழாயை, மேலே ஏற்றி, வீக்கத்துக்குள் விரிப்பது. டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். பெரியப்பா பார்த்துவிட்டு, எலி முழுங்கின பாம்பு மாதிரி இருக்கே என்றார். சிக்கல் எங்கே என்றால் கழுத்தில்.

லெட்சுமி அத்தை: வயிற்றில் ஏது கழுத்து

சாத்தப்பன்: அத்தை, நம் ரெண்டாங்கட்டு மழைத்தண்ணீர்க் குழாய் துருப்பிடித்தபோது கொத்தனார் உள்ளே ஒரு சின்னக் குழாயைச் சொருகினாரே. மேலே கெட்டியான இடத்தில் இறுகப் பிடித்ததால்தான் கசியவில்லை. அந்தக் கெட்டி இடம்தான் கழுத்து. கிட்னிக் குழாய்கள் பிரிவதற்குக் கீழே, வீக்கத்துக்கு மேலே. வழக்கமான ஸ்டென்ட் பிடிக்க 10, 15 மி.மீ. வேண்டும். பெரியப்பாவுக்கு 6தான். மேலே தள்ளி வைத்தால் கிட்னிக்கு ரத்தம் போகாது. அதனால் அந்தக் கிளைகளுக்கு நேராக ஓட்டை விட்டு, அவர் அளவுக்கே ஒன்று வெளிநாட்டில் தைத்து வர வேண்டும். வாரக்கணக்கில் ஆகும்.

சோமு சித்தப்பா: அந்தக் குழாய்ச் செலவு நான் போட்டது. உங்கள் பங்கு யாரும் இன்னும் தரவில்லை. ஞாபகத்துக்குச் சொன்னேன்

உமையாள்: சித்தப்பா 🙏

கண்ணன் சிங்கப்பூர்: என்ன விலை?

சாத்தப்பன்: சாதாரண ஸ்டென்டைவிட நிறையவே அதிகம். தனியாக அனுப்புகிறேன், இங்கே வேண்டாம்

சோமு சித்தப்பா: ஏன் இங்கே வேண்டாம்

கண்ணன் சிங்கப்பூர்: வைத்துவிட்டால் முடிந்ததா?

சாத்தப்பன்: ஒரு மாதத்தில் சி.டி. ஸ்கேன், அப்புறம் வருஷா வருஷம் பார்க்கணும். ஓரத்தில் ரத்தம் கசிந்தால் மறுபடி வீங்கும்

வள்ளி ஆச்சி: தையில் அப்பச்சிக்கு எழுபது வயது சாந்தி. சமையலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. அது முடியட்டும் என்கிறார் அப்பச்சி

சாத்தப்பன்: ஆச்சி, 6.1 அவர் சௌகரியத்துக்குக் காத்திருக்காது. ஐன்ஸ்டீனுக்கு இதேதான். 1948-ல் வயிற்றைத் திறந்து குழாயைச் சுற்றி செலோபேன் தாள் வைத்தார்கள். 1955-ல் வெடித்தபோது ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தொடை வழியாக ஸ்டென்ட் வைப்பது 1990-ல்தான், ப்யூனஸ் அயர்ஸில் பரோடி என்கிற டாக்டர்

லெட்சுமி அத்தை: சாந்திப் பேச்சில் சாவுப் பேச்சு எதற்கு. வள்ளி, பலகாரம் என்ன? கந்தரப்பம் உண்டுதானே

வள்ளி ஆச்சி: உண்டு அத்தை. தேன்குழலும்

சோமு சித்தப்பா: போன தடவை தேன்குழல் கல்லு மாதிரி

லெட்சுமி அத்தை: அது உன் பல்லு

சாத்தப்பன்: டாக்டர் முதலில் கேட்டது புகை. எப்போதோ விட்டாச்சு என்றார் பெரியப்பா. சட்டைப்பையில் சுருட்டு எட்டிப் பார்க்கிறது. டாக்டரும் பார்த்தார்

கண்ணன் சிங்கப்பூர்: அப்பச்சி 🤦

சாத்தப்பன்: இன்னொன்று. கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு வயிற்று ஸ்கேன் பார்த்துக்கொள்வது நல்லதாம். கண்ணா, நீயும். சோமு சித்தப்பா, உங்களைத்தான் முக்கியமாக

சோமு சித்தப்பா: எனக்கு ஒன்றும் இல்லை

வள்ளி ஆச்சி: அப்பச்சி இப்போது சொன்னது: அளவு கொடுத்துவிடுங்கள், தைத்து வரட்டும், தேதியை அப்புறம் பார்ப்போம்

கண்ணன் சிங்கப்பூர்: எந்தத் தேதி? ஆபரேஷனா சாந்தியா?

வள்ளி ஆச்சி: கேட்டேன். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்

சாத்தப்பன்: அப்போது திங்கட்கிழமை அளவு அனுப்பச் சொல்கிறேன். பணம் கட்டினால்தான் தைக்கவே ஆரம்பிப்பார்கள்

உமையாள்: யார் கட்டுவது?

சோமு சித்தப்பா: அந்த ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போகணுமா

சாத்தப்பன்: ஆமாம் சித்தப்பா

லெட்சுமி அத்தை: வள்ளி, கந்தரப்பம் எத்தனை படிக்குப் போடுகிறாய்