'பேக்லாஷ்': பின்னடிப்பா, பல்லிடையா?

அன்புள்ள ஐயா,

லாரி பழுதுபார்ப்புக் கையேட்டில் வரும் 'பேக்லாஷ்' (backlash), அதாவது கியர் பற்களுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளி, என்ற சொல்லுக்குத் தாங்கள் முன்வைத்த 'பின்னடிப்பு' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் அங்கே எதுவும் பின்னால் அடிப்பதில்லை.

போன வாரம் நாமக்கல்லில் ஒரு பட்டறையில் இருந்தேன். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றிக் கிளட்ச்சை விட்டதும் 'டங்' என்று கேட்கிறது என்பது ஓட்டுநரின் புகார். மெக்கானிக் இன்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டுவிட்டுக் கீழே நுழைந்தார். கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை இரு கைகளாலும் பற்றி இப்படியும் அப்படியும் திருகினார். ஷாஃப்டின் முனையிலுள்ள சிலுவை வடிவ இணைப்பான கிராஸின் இந்தப் பக்கம் சற்றுத் திரும்பிய பிறகுதான் அந்தப் பக்கம் அசைந்தது. கிராஸின் மூடி ஓரத்தில் செங்கல் பொடி போலத் துரு. "கிரீஸ் பார்த்து நாளாகிவிட்டது, ஆட்டம் வந்துவிட்டது" என்றார்.

ஆட்டம்! சொல் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. ஆனாலும் அதையே பேக்லாஷுக்கு வைத்துவிட முடியாது. ஆட்டம் என்பது தேய்மானத்தால் வந்த குறை. பேக்லாஷோ வேண்டுமென்றே விடப்படுவது. பின் அச்சில் ஒன்றோடொன்று பிணையும் புத்தம் புதிய கிரௌன், பினியன் பல்சக்கரங்களின் பற்களுக்கு நடுவிலும் மயிரிழை இடம் விட்டுத்தான் பூட்டுவார்கள். இல்லாவிட்டால் எண்ணெய் நுழைய வழியின்றிப் பற்கள் சூடேறி இறுகும். ஆகவே அந்த இடத்துக்குப் 'பல்லிடை' என்கிறேன். முன்பொருவர் சொன்ன 'பல்லாட்டம்' வேண்டாம். பல் வைத்தியர் நினைவுதான் வருகிறது.

---

நண்பருக்கு,

பின்னடிப்பைக் கைவிட எனக்குத் தடையில்லை. பல்லிடையில்தான் ஒரு சிக்கல். கடைசல் இயந்திரத்தின் திருகிலும் பேக்லாஷ் உண்டு. கைப்பிடியைத் திசை மாற்றிச் சுற்றினால் முதலில் கொஞ்சம் வெறுமனே சுற்றும், பிறகுதான் உளி நகரும். அங்கே பல் ஏது? மரைதானே இருக்கிறது.

---

ஐயா,

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். தாங்கள் எழுதிய 'வெறுமனே சுற்றும்' என்பதிலிருந்தே 'வெற்றசைவு' என்று எடுத்துக்கொள்ளலாமா? கைக்குத் தெரியும் வீண் திருப்பம் வெற்றசைவு. லாரிக்கும் கடைசல் இயந்திரத்துக்கும் அது பொது. பல்லிடை, கியர் பற்களுக்கு நடுவே அளந்து சொல்லும் இடைவெளிக்கு மட்டும். அளவை மீறித் தேய்ந்தால் ஆட்டம்.

ஒலிகளையும் இதோடு முடித்துவிடலாம். 'டங்' என்பது மோதொலி: கிளட்ச்சை விட்டதும் விசையின் திசை மாறி, வெற்றசைவு முழுவதும் ஒரே நொடியில் தீர்ந்து, உலோகம் உலோகத்தில் மோதுகிறது. கியர் விழுவதற்கு முன்பே கேட்பது வேறு. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அல்லது கியர்கள் பிணையும் முன் அவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அதற்கு 'நறநறப்பு'. பல்லை நறநறவென்று கடித்தான் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதைவிட என்ன வேண்டும்?

கையேட்டின் வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "கியர் மாற்றியதும் மோதொலி கேட்டால் முதலில் கிராஸின் ஆட்டத்தைப் பார்க்கவும், அது சரியாக இருந்தால் மட்டும் கிரௌன் பல்லிடையை அளக்கவும்." கிராஸ் அப்படியே இருக்கட்டும். 'சிலுவை இணைப்பு' என்று எழுதினால் உதிரிபாகக் கடையில் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.