ஜெயித்த பிறகு பாடும் துதிப்பாட்டு: யாத்திராகமம் 15-ஐப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கீழத்தெரு_பாடகர்:

எங்கள் சபையில் தோத்திரப் பண்டிகைக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை வைத்து வேதாகமத்தில் வருகிற யாத்திராகமம் 15-ஐப் பாட்டும் கோலாட்டமுமாகச் செய்யப் போகிறோம். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்து, துரத்தி வந்த எகிப்தியர் அதில் மூழ்கினதும் மோசேயும் ஜனங்களும் பாடினது, அப்புறம் மோசேயின் அக்கா மிரியாம் தம்புரு எடுத்துக்கொண்டு பெண்களோடு ஆடினது, இரண்டும் வருகிறது. மெட்டெல்லாம் போட்டாகிவிட்டது. ஆனால் எகிப்தியர் ஈயம்போல அமிழ்ந்துபோன வரி வரும்போது பிள்ளைகள் கை தட்டிக் குதிக்கிறார்கள், பிளஸ் டூ படிக்கிற ஒரு பிள்ளை மட்டும் பாடாமல் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டால், "முங்கிச் செத்தவனும் ஒரு அம்மா பெத்த பிள்ளைதானே, அதுக்கு ஆடணுமா?" என்கிறாள். ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆண்டவர் தந்த ஜெயத்துக்கு ஸ்தோத்திரம் சொல்வது வேறு, எதிரி செத்ததைக் கொண்டாடுவது வேறு என்று வேதத்தை வைத்தே காட்ட முடியுமா?

பொருநைக்கரை:

முதலில் பாடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். படையெடுத்துப் போய் ஜெயித்துவிட்டுத் திரும்பிய சேனை இல்லை அது. புளிக்காத மாவைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்த அடிமைகள். பின்னால் எகிப்து ராஜா பார்வோனின் முதல்தரமான 600 ரதங்கள், முன்னால் கடல். மோசே பிறந்த காலத்தில் இவர்களுடைய ஆண்குழந்தைகளை நதியில் போடச் சொன்னதும் அதே எகிப்து அரண்மனைதான். அப்படிப்பட்டவர்கள் உயிரோடு கரையேறி நின்றுகொண்டு பாடாமல் வேறு என்ன செய்வார்கள்? அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏட்டுவாசகன்:

பொருநைக்கரை சொன்னது சரி, ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதற்கு அது பாதிப் பதில்தான். அவள் கேள்வியை யூத மதபோதகர்களான ரபிமார்களே கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய விளக்கங்களைத் தொகுத்த தல்மூதில் மெகில்லா என்ற பகுதியில் வருகிறது: எகிப்தியர் முங்கிக்கொண்டிருந்தபோது தேவதூதர்கள் துதி பாட வாயெடுத்தார்களாம், ஆண்டவர் தடுத்துவிட்டாராம், என் கையால் உண்டானவர்கள் கடலில் சாகிறார்கள், நீங்கள் பாட்டுப் பாடுகிறீர்களா என்று. இதில் நான் முக்கியமாக நினைப்பது, தடுக்கப்பட்டவர்கள் தூதர்கள், இஸ்ரவேலர் இல்லை. ஆபத்திலிருந்து தப்பினவன் பாடலாம், ஒரு ஆபத்தும் இல்லாமல் மேலே இருந்து வேடிக்கை பார்த்தவனுக்கு அந்தப் பாட்டில் என்ன வேலை? இன்றைக்கும் எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா பண்டிகை ராத்திரியில், எகிப்தியர்மேல் வந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, ஒவ்வொரு பெயருக்கும் கிண்ணத்தில் விரலைத் தொட்டுத் திராட்சரசத்தை ஒரு சொட்டு தட்டில் விடுவார்கள். எகிப்தியர் பட்ட பாட்டை நினைத்து நம் சந்தோஷக் கிண்ணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். பஸ்காவின் முதல் நாளில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களை முழுசாகப் பாடுகிறவர்கள் கடைசி ஆறு நாளும் சில பகுதிகளை விட்டுவிட்டுத்தான் பாடுவார்கள், அதற்குச் சொல்லும் காரணங்களில் இந்தக் கடல் சம்பவமும் ஒன்று.

அடுத்து, மோசேயின் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் பாருங்கள். பாட்டுக்குள்ளே மோசேயின் பெயரே இல்லை. கோலை நீட்டினவர் அவர், ஜனங்களை நடத்தினவர் அவர், ஆனாலும் ஒரு வரி கிடையாது. எல்லாம் "கர்த்தர் என் பெலனும் என் கீதமுமானவர்" என்ற போக்கில்தான் போகிறது. இதற்குப் பக்கத்தில் 1 சாமுவேல் 18-ஐ வையுங்கள். கோலியாத்து செத்த பிறகு ஊர் ஊராகப் பெண்கள் மேளத்தோடு வந்து, சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று முறை வைத்துப் பாடுகிறார்கள். ஆடலும் மேளமும் மிரியாம் காலத்தில் இருந்ததேதான். ஆனால் பாட்டில் ஆண்டவரைக் காணோம், ஆட்களின் கணக்கு மட்டும் இருக்கிறது. மறுநாளே சவுல் தாவீதைக் குத்த ஈட்டியை எறிகிறான். கோடு எங்கே என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டு பாட்டையும்தான் காட்டுவேன்.

தெபோராளின் பாட்டு (நியாயாதிபதிகள் 5) இவ்வளவு சுலபமானது இல்லை. அதில் ஆட்களின் பெயர் வருகிறது, யுத்தத்துக்கு வராத கோத்திரங்களுக்குத் திட்டும் விழுகிறது, எதிரிப் படைத்தலைவன் சிசெராவைக் கொல்ல யாகேல் என்ற பெண் சுத்தியலை எடுத்ததைப் பாராட்டியே பாடுகிறார்கள். அப்புறம் திடீரென்று சிசெராவின் தாய் வருகிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, ரதம் வர ஏன் இவ்வளவு நேரம் என்று புலம்புகிறாள். மகன் செத்தது கேட்கிற நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதை ஏளனமாகப் பாடியிருக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு, இருக்கலாம். ஆனாலும் ஜெயித்தவர்களின் பாட்டுக்குள்ளேயே எதிரியின் அம்மாவுக்கு ஒரு ஜன்னல் கிடைத்திருக்கிறது. உங்கள் பிள்ளையை அந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள் அண்ணா, அவள் கேட்ட அம்மா அங்கே நிற்கிறாள்.

பனிமயத்தான்:

எங்கள் கத்தோலிக்க வழிபாட்டில் இது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் வரும். விடுதலைப் பயணம் (நீங்கள் யாத்திராகமம் என்பது) 14-ஆம் அதிகார வாசகத்தை அன்றைக்கு எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்பது விதி. வாசித்து முடித்ததும் மோசேயின் பாட்டையே பதிலுரைப் பாடலாகப் பாடுவோம். பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும் கரையேறுவதாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறோம், அதனால் எங்களுக்கு அங்கே எதிரி என்றால் சாவுதான், எந்த நாட்டு ஆளும் இல்லை. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாடு 15-இலும் கண்ணாடிக் கடலோரம் நின்று மோசேயின் பாடலையும் ஆட்டுக்குட்டியின் பாடலையும் பாடுகிறார்களே, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தமிழ்_வாத்தியார்:

நான் சபை ஆள் இல்லை, தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். நம் பரணி இலக்கியமும் வெற்றிக்குப் பிறகு பாடுவதுதான், போரில் ஆயிரம் யானைகளை வென்றவன்மேல் பாடுவது என்று இலக்கணம். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்தில் செத்தவர்களின் பல்லை அரிசியாகக் குத்திக் கூழ் சமைக்கும். குத்தும்போது குலோத்துங்கனைப் பாடும். காளி அங்கே இருக்கிறாள், ஆனால் புகழ் போய்ச் சேருகிற இடம் அரசன். ஏட்டுவாசகன் காட்டிய வித்தியாசம் இங்கேயும் தெரிகிறது. ஆனால் அதே பரணியில், கணவன் கிடக்கும் இடம் எங்கே எங்கே என்று பதறித் தேடும் பெண்ணையும் ஜெயங்கொண்டார் நிறுத்தியிருக்கிறார். சிசெராவின் தாயைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

கீழத்தெரு_பாடகர்:

எல்லாருக்கும் நன்றி. தூதர்களைத் தடுத்த கதை எனக்குப் புதுசு, அதை அப்படியே பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன். ஈயம்போல அமிழ்ந்த வரியில் கைத்தட்டலையும் தாளத்தையும் நிறுத்திவிட்டு வெறும் குரலில் பாடவைக்கலாமா?

ஏட்டுவாசகன்:

தாராளமாக. கோலாட்டத்தை மிரியாம் வரும்போது ஆரம்பியுங்கள். இன்னொன்று, 21-ஆம் வசனத்தோடு திரையை இழுத்துவிடாதீர்கள். அடுத்த வசனத்திலேயே மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் நடக்கிறார்கள், மாராவில் கிடைத்த தண்ணீரும் கசக்கிறது, பாடின அதே வாய் முறுமுறுக்கிறது. 25-ஆம் வசனத்தில் தண்ணீர் மதுரமாகிறவரை ஒரு பெரிய பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷம்கூட ஆகாது.